புதுப்பிப்பு: ஆன்லைன் ஜிஐஎஸ் முதுகலையில் சேர்ந்துவிட்டேன்

வேலையை விடாமல் ஆன்லைனில் ஜிஐஎஸ் (வரைபடங்களையும் இடம் சார்ந்த தரவுகளையும் கணினியில் கையாளும் துறை) முதுகலை படிக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன், முதல் பருவமும் முடிந்தது. தாராளமாகப் படிக்கலாம்.

என்னைக் கட்டிப்போட்ட பாடம், உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடமாக மாற்றும் ப்ரொஜெக்‌ஷன்தான். கிழக்கு 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டுக்கு ஊடே போகிறது. உலகைத் தீர்க்கரேகை வாரியாக மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் அதுதான் இரண்டு மண்டலங்களின் எல்லை. அதனால் கோவை 43-வது மண்டலம், மதுரையும் சென்னையும் 44. மாநிலம் முழுக்க ஏரிகளின் பரப்பளவைக் கணக்கிட வேண்டுமா, முதலில் எல்லாவற்றையும் பரப்பளவு மாறாமல் காட்டும் ஒரே சம பரப்பு ப்ரொஜெக்‌ஷனுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வாசித்தால் மட்டும் இது மனதில் நிற்காது, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் செய்துபார்த்தால்தான் பிடிபடும். அந்த மென்பொருளும் இலவசம், 10 மீட்டர் வரை துல்லியத்தில் வரும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம்.

அப்புறம், லேப்டாப் பற்றிக் கேட்டவர்களுக்கு: 16 ஜிபி ரேம் போதும். பைத்தான் நிரல்மொழியை மட்டும் சேர்வதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.