நிலாவெளில டைவ் சென்டரோட ரூம் போடலாமா, புறாமலை தாங்குமா?

கொழும்பான்:
வணக்கம். நானும் மச்சானும் சேர்ந்து திருகோணமலை நிலாவெளில ஆறு ரூமும் சின்னதா ஒரு டைவ் சென்டரும் போடுவமெண்டு யோசிக்கிறம், அவனிட்ட கடற்கரையோட காணி கிடக்கு. ஆனா போன ஆவணியில அதுக்கு முன்னால கடலுக்குள்ள இருக்கிற புறாமலைத் தீவுக்குப் போட்டு வந்ததில இருந்து மனசு ஒரு மாதிரி. அவ்வளவு சனம், லைஃப் ஜக்கெட்டோட முருகைக்கல்லுக்கு (பவளப்பாறைக்கு) மேல ஏறி நிண்டு செல்ஃபி எடுக்குதுகள். இப்பிடியே போனா இன்னும் பத்து வருசத்தில ஆக்களுக்கு எதைக் காட்டுறது? அங்கத்த ஆக்கள் சொல்லுங்கோ.

நிலாவெளிக்காரன்:
தம்பி, 1963லயே அது சரணாலயம், 2003ல தேசிய பூங்கா ஆக்கினவை. ஆனா சனம் குவிஞ்சது 2009ல சண்டை முடிஞ்சாப் பிறகுதான். 1998ல கடல் சூடாகி தெற்கில ஹிக்கடுவைப் பக்கம் முருகைக்கல் வெளிறிச் செத்துப்போச்சு, எங்கட பக்கம் பெரிசா அடிபடேல்ல. சூட்டுக்குத் தப்பினது இப்ப காலுக்குத் தப்பேலாமல் கிடக்கு. ஏனெண்டா சில இடத்தில இடுப்பளவு தண்ணிதான், நீந்தத் தெரியாதவன் பயத்தில காலை ஊண்டுவான், மேசை மாதிரி விரிஞ்சு கிடக்கிற முருகைக்கல் டக்கெண்டு உடைஞ்சிடும். அவனைப் பேசியும் பிரயோசனமில்லை, கூட்டிக்கொண்டு போறவன்தான் முதல்லயே சொல்லோணும்.

சுழியோடி77:
டைவ் ஆக்கள் நல்லவை, ஸ்நோர்கல் ஆக்கள் (குழாயால மூச்சு விட்டு மேல மிதந்து பாக்கிறவை) கூடாதவை எண்டு நினைக்காதேங்கோ. புதுசாப் பழகிறவன் ஃபின்னால அடிக்கிற அடியை நான் தினமும் பாக்கிறன். முதல் நாள் வெறும் மணல் தரையில பழக்குங்கோ, மிதக்கிறது பிடிபட்ட பிறகு முருகைக்கல் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கோ. நங்கூரம் போடவே வேண்டாம், மிதவையில கட்டுங்கோ. பழகினவையை கோணேசர் மலைக்குக் கீழ கூட்டிக்கொண்டு போங்கோ, விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி கிளார்க்கே 1950கள்ல அங்க சுழியோடினவர், எல்லாரும் புறாமலையிலயே போய் விழத் தேவையில்லை.

ஆனா எனக்குப் பெரிய பயம் உங்கட ஆறு ரூமிலதான். அது மணல் நிலம், மலக்குழித் தண்ணி அப்பிடியே கசிஞ்சு கடலுக்குப் போகும், பாசி வளர்ந்து முருகைக்கல்லை மூடும். கடல் ஏறுற சராசரி உயர்நீர்க் கோட்டில இருந்து உள்ளுக்கு 300 மீட்டர் வரைக்கும் கரையோர வலயம், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின்ர பெர்மிட் இல்லாம ஒரு கல்லும் வைக்கேலாது.

பச்சைக்கடல்:
பேசாம புறாமலையைக் கொஞ்ச வருசம் மூடி விடோணும். தாய்லாந்தில மாயா பே கடற்கரையை 2018ல மூடி 2022லதான் திறந்தவங்கள், சுறா எல்லாம் திரும்பி வந்தது.

போட்காரன்மகன்:
மூடுங்கோ மூடுங்கோ எண்டு சொல்லுறது லேசு அண்ணை. எங்களுக்கு சித்திரையில இருந்து புரட்டாதி வரைக்கும்தான் சீசன், மாரியில கடல் கொந்தளிக்கும், போட் கரையிலதான் கிடக்கும். ஹொட்டல்காரன் ரூமை வேற ஆருக்கும் குடுப்பான், என்ர அப்பா என்ன செய்யிறது? ஒரு நேரத்துக்கு இத்தினை பேர்தான் எண்டு கணக்கு வைச்சு விடட்டும், அதுக்கு நாங்கள் ஒண்டும் சொல்லமாட்டம்.

கொழும்பான்:
எல்லாருக்கும் நன்றி. மலக்குழி விசயம் எங்கட மண்டையில ஏறவே இல்லை, மச்சான் ஏற்கனவே ஆள் பிடிச்சு வெட்ட நாள் குறிச்சிட்டான், இப்ப நிப்பாட்டச் சொல்லி கோல் எடுத்திருக்கிறன். சுழியோடி அண்ணை, அடி மூடின டாங்கி வைச்சு பவுசரால உறிஞ்சி எடுப்பிச்சா சரிவருமா? மாசத்தில எத்தினை தரம் எடுக்க வேண்டி வரும்?

சுழியோடி77:
ஆறு ரூமெண்டா டாங்கியின்ர அளவைப் பொறுத்தது. காணி கரையில இருந்து எத்தினை மீட்டர் எண்டு முதல் சொல்லுங்கோ.