சின்ன சர்வர்ல மானிட் (சர்வர்ல ஓடுற சர்வீஸ கண்காணிச்சு, விழுந்தா அலர்ட் அனுப்பி ரீஸ்டார்ட் பண்ற சின்ன டூல்) போட்டவங்க அனுபவம் சொல்லுங்க

கிளையண்ட் ஒருத்தரோட விபிஎஸ் (வாடகைக்கு எடுக்குற வெர்ச்சுவல் சர்வர்) என் கைக்கு வந்துச்சு. உபுண்டு, என்ஜின்எக்ஸ், பிஎச்பி எஃப்பிஎம் (பிஎச்பி கோட ஓட்டுற சர்வீஸ்), மைஎஸ்க்யூஎல் அவ்ளோதான், ரேம் 1 ஜிபி. இதுல போய் ப்ரோமிதியஸ், கிராஃபானான்னு பெரிய மானிட்டரிங் டூலா ஏத்துனா சைட்டுக்கு மிச்சம் என்ன இருக்கும், அதான் ஏற்கனவே இருந்த மானிட்டையே வச்சுக்கிட்டேன்.

முன்னாடி பார்த்தவர் எழுதுன கான்ஃபிக் எல்லாமே பிஐடி ஃபைல் செக், அதாவது ப்ராசஸ் உயிரோட இருக்கான்னு மட்டும் பார்க்குறது. ஒரு நாள் சாயங்காலம் கிளையண்ட் போன் போட்டு கத்துறாரு, சைட்ல 504னு (டைம்அவுட் எரர்) வருது, மானிட்ட கேட்டா எல்லாம் ஓகேங்குது. உள்ள போய் பார்த்தா எஃப்பிஎம் ப்ராசஸ் உயிரோடதான் இருக்கு, ஆனா ஒரு வொர்க்கர்கூட சும்மா இல்ல, லாக்ல மேக்ஸ் சில்ட்ரன் (வொர்க்கர் எண்ணிக்கை லிமிட்ட தொட்டுருச்சு) வார்னிங் கிடக்கு. கடை தொறந்திருக்கு, கல்லாவுல ஆள் இல்லங்குற கதைதான். அப்புறம் டேட்டாபேஸ தொட்டுட்டு வர்ற ஒரு பேஜ எச்டிடிபில கூப்பிட்டு, 3 சைக்கிள் (மானிட் ஒரு தடவ செக் பண்ற சுத்து) தொடர்ந்து 200ங்குற ஓகே பதில் வரலன்னா மட்டும் அலர்ட்னு மாத்துனேன், இல்லன்னா நெட் லேசா விக்குனாக்கூட மெயில் வந்து குவியும். உபுண்டு பேக்கேஜ்ல சைக்கிள் 120 செகண்ட், 3 சைக்கிள்னா 6 நிமிஷம் போயிரும், அத 30 ஆக்கிட்டேன்.

புதுசா போடுறவங்களுக்கு ஒன்னு, மானிட்டோட வெப் பேஜ் வேணாம்னு கான்ஃபிக்ல 2812 போர்ட் லைன கமெண்ட்லயே விட்டா மானிட் ஸ்டேட்டஸ் கமாண்டும் ஓடாது, அதுவும் அது வழியாத்தான் பேசுது. லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் அலவ் குடுங்க.

ராத்திரி_ஷிஃப்ட்: செக்கெல்லாம் சரி ப்ரோ, அலர்ட் வந்து சேருதா? எங்க ஹோஸ்டிங்ல வெளிய மெயில் போற 25 போர்ட்ட அடைச்சு வச்சிருந்தாங்க, மானிட் பாவம் தன் பாட்டுக்கு கத்திக்கிட்டே இருந்திருக்கு. 587 போர்ட்ல ஆப் பாஸ்வேர்ட் (மெயில் அக்கவுண்ட்ல இதுக்குன்னு தனியா எடுக்குற பாஸ்வேர்ட்) வச்சு அனுப்புங்க, ஈவன்ட்க்யூ லைனையும் போட்டுருங்க, மெயில் சர்வர் கிடைக்காதப்ப வர்ற அலர்ட்ட டிஸ்க்ல வச்சிருந்து அப்புறமா அனுப்பும். என்ன கேட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு மெயில எவன் பார்க்குறான், மானிட் கான்ஃபிக்ல எக்ஸெக் (ஒரு கமாண்ட ஓட்டச் சொல்றது) போட்டு ஒரு ஸ்கிரிப்ட் மூலமா டெலிகிராம் bot ஒன்னுக்கு தள்ளிருங்க, ஸ்கிரிப்ட்டோட பாத் மட்டும் முழுசா குடுக்கணும்.

பழைய_லேப்டாப்: அந்த மெஷினே படுத்துருச்சுன்னா மானிட்டும் சேர்ந்துல்ல படுக்கும்? அதனால நான் வெளிய தனியா அப்டைம் குமா (சைட் ஓடுதான்னு வெளிய இருந்து பார்க்குற டூல்) வச்சிருக்கேன். மொதல்ல வீட்ல பழைய லேப்டாப்லதான் ஓட்டுனேன், கரண்ட் போனா ரவுட்டர் ஆஃப், லேப்டாப் பேட்டரில ஓடிக்கிட்டே எல்லா சைட்டும் டவுன்னு முடிவு பண்ணிரும், சொல்லத்தான் நெட் இருக்காது. இப்ப வேற கம்பெனி விபிஎஸ்க்கு மாத்தியாச்சு.

அப்புறம் 1 ஜிபி ரேம்னா மைஎஸ்க்யூஎல்ல ஓஓஎம் கில்லர் (ரேம் தீர்ந்தா லினக்ஸ் ப்ராசஸ கொல்றது) அடிக்கும், மானிட் தூக்கி நிறுத்தும், திரும்ப அடிக்கும், விடிய விடிய இதே கூத்து. 5 சைக்கிள்ல 3 ரீஸ்டார்ட் ஆனா அன்மானிட்டர் (கண்காணிக்குறத நிறுத்து) பண்ணுன்னு ஒரு லைன் சேருங்க. சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ்கள ஸ்டார்ட் பண்றது) யூனிட் ஃபைல்லயும் ரீஸ்டார்ட் செட்டிங் இருக்கான்னு பாருங்க, யாராவது ஒருத்தர்தான் அந்த வேலைய பார்க்கணும்.