புயல் 700 கி.மீ. தள்ளி இருக்கு, ஜுஹு கடற்கரைக்குப் போகலாமா?

மாதுங்கா வாசி: அரபிக்கடலில் புயல், ஆனால் மும்பையில் வெயில், காற்றே இல்லை. பிள்ளைகளோடு ஜுஹு போகலாமா?

அலைக்கணக்கு: வேண்டாம் சார். காற்று இங்கே வர வேண்டியதில்லை, அது கிளப்பிய அலை வந்துவிடும். இரண்டு அலை முகடுகளுக்கு இடையே 14 வினாடி என்றால், அந்த அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 40 கி.மீ. ஓடும், 700 கி.மீ. என்பது 18 மணி நேரம்தான். இன்னொன்று, அலை கொத்துக்கொத்தாக வரும். பத்து நிமிஷம் சாதுவாக இருக்கும், அடுத்தடுத்து நாலு பெரிசு வந்து பாறையில் நிற்பவரை வாரிக்கொண்டு போகும். பாந்திராவின் பாறைக்கரையான பாண்ட்ஸ்டாண்டில் செல்ஃபி எடுப்பவர்கள் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். 2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் குஜராத்தின் ஜக்காவ் பக்கம் கரையேறும் முன்பே ஜுஹுவில் சிறுவர்கள் மூழ்கி இறந்தார்கள்.

வர்சோவா: படகுக்காரர்களுக்கு ஒன்று. முகத்துவாரத்தை வற்றத்தில், அதாவது ஓதம் இறங்கும் நேரத்தில், தாண்டாதீர்கள். வெளியே ஓடும் நீர் உள்ளே வரும் அலையை எதிர்க்க, அலை செங்குத்தாகி உடையும். ஏற்றம் முடியும் நேரத்தில் வாருங்கள்.

மாதுங்கா வாசி: எதைப் பார்த்து முடிவெடுப்பது?

அலைக்கணக்கு: ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) தரும் உயர் அலை எச்சரிக்கை. அதில் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், வினாடியையும் பாருங்கள். 2 மீட்டர் அலை 7 வினாடியில் வருவது வேறு, 15 வினாடியில் வருவது வேறு; இரண்டாவதுதான் அதிக ஆபத்து. கூடவே கடல் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓத அட்டவணை: 4.5 மீட்டருக்கு மேல் ஏற்றம் என்றால் மரைன் டிரைவ் சுவர்ப்பக்கமும் வேண்டாம்.

வர்சோவா: யாரையாவது நீரோட்டம் கடலுக்குள் இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது. கரைக்கு இணையாக நீந்தி வெளியே வரணும்.