லயத்துக் கதவுக்கு ஒரு நம்பர்

நான் திருச்சியில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். 2023 ஆகஸ்டில் எங்கள் சர்ச்சிலிருந்து 11 பேர், இலங்கையில் மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு 10 நாள் ஊழியத்துக்குப் போனோம். பழைய புடவை நாலு மூட்டை, மாத்திரை, பிள்ளைக்காம்பராவுக்கு (அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம்) அடிக்க பெயிண்டு வாங்கப் பணம். இதையெல்லாம் இங்கே உட்கார்ந்து நாங்களே முடிவு செய்தோம், அங்கே ஒருவரிடமும் கேட்கவில்லை. அது தப்பு என்று இப்போது தெரிகிறது.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். அந்தத் தோட்டத்து மக்களின் பாட்டன் பூட்டன் எல்லாம் இதே திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே போனவர்கள். பாதையிலேயே செத்தவர்கள் ஏராளம். நாங்கள் போன அதே மாதம், வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்து முடிந்திருந்தது. அட்டன் போகிற ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

லயம் என்பதைப் பார்க்காமல் புரிந்துகொள்ள முடியாது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் நீளமான ஒரே கட்டடம், தகரக் கூரை, வரிசையாகக் காம்பராக்கள், அதாவது அறைகள். ஒரு காம்பராவில் ஒரு குடும்பம், சில இடத்தில் இரண்டு. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கிறது. நாங்கள் இருந்த நாளெல்லாம் மழை. கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்கள் நனையாமல் இருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சீலையை அவிழ்த்து உதறும்போதே காலில் அட்டை கடித்த இடங்களில் ரத்தம் வழியும், அதை அவர்கள் பார்ப்பதுகூட இல்லை. அப்போது நாள் சம்பளம் 1000 ரூபாய், ஆனால் அந்தத் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், குறைந்தால் அரைப்பேர்தான். சாப்பாடு பெரும்பாலும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும். எங்கள் மருத்துவ முகாமுக்கு வந்த ஒரு அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 7.4தான், கடுமையான ரத்தசோகை. அதோடு காலையில் மலைக்கு ஏறியிருக்கிறார். பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். “போனா ஒரு பேர் போயிருமே மிஸ்” என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே முக்கால்வாசிப் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். மருந்து கொடுக்கும் மேசையில் ஜெபத் துண்டுப்பிரசுரம் வைக்கலாமா என்று எங்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. வேண்டாம் என்று நானும் இன்னும் இரண்டு பேரும் பிடிவாதமாக நின்றோம். வலியோடு வந்து நிற்கிறவரின் கையில் மாத்திரையோடு சேர்த்து அதையும் திணிக்கக் கூடாது, இன்றும் என் நினைப்பு அதுதான்.

ஐந்தாம் நாள் பெயிண்டு அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை வந்தாள். உயர்தரம், நம்ம ஊர் பிளஸ் டூ மாதிரி, எழுதி முடித்தவள். “மிச்சப் பெயிண்டு இருந்தா எங்க லயத்துக் கதவுகள்ல நம்பர் எழுதித் தருவீங்களா?” என்றாள். எதற்கு என்று கேட்டேன்.

லயத்துக் காம்பராக்களுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபிசுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேர வேண்டும். அவளுக்கு நர்ஸ் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்திருக்கிறது. தேதி முடிந்து மூன்றாம் நாள்தான் அவள் கைக்குக் கிடைத்தது. அந்தக் கடிதத்தை எடுத்து வந்து காட்டினாள். நனைந்து காய்ந்த கவர், ஓரத்தில் சாயத்தண்ணி, அதாவது பால் விடாத டீயின் கறை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எனக்கு நர்ஸிங் ஸ்கூல் கடிதம் வந்த அன்று எங்கள் தெருவின் தபால்காரர் வாசலிலிருந்தே என் பேர் சொல்லிக் கத்தினார். அந்த ஒரு கடிதத்தில்தான் என் பிழைப்பே ஓடுகிறது.

அவளுடைய அம்மாச்சி உள்ளே அடுப்படியில் இருந்தார். “எந்த ஊரு ஆயி நீ?” என்று கேட்டார். துறையூர் என்றேன். அடுப்பை விட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தாத்தா முசிறிப் பக்கமாம், ஊர்ப் பேர் மறந்துவிட்டதாம். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதினார்களே, அதில் அவருடைய அக்கா போய்விட்டார். கூடலூர் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து கொஞ்ச வருஷம் கடிதம் வந்ததாம், அப்புறம் நின்றுவிட்டது. “அக்கா எழுதலயா, ஆபிசுல குடுக்கலயான்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல” என்றார். அழவில்லை. ரொட்டி கருகுதே என்று திரும்பிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே எழுதினோம். 12 கதவு. லயத்துப் பையன்களே நேர்கோடு பிடித்துக் கொடுத்தார்கள். நம்பர் எழுதியதால் மட்டும் தபால்காரர் வாசலுக்கு வந்துவிட மாட்டார் என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் தபால் கந்தோரில் (தபால் ஆபிசில்) போய்க் கேட்க எங்களுக்கும் ஒரு விலாசம் வேண்டாமா என்றாள். அம்மாச்சி மட்டும் தன் கதவில் 7 காய்கிற வரைக்கும் கோழி உரசாமல் காவல் இருந்தார்.

திருச்சிக்கு வந்ததும் முதல் வேலையாக ‘4ஆம் லயம், 7ஆம் நம்பர்’ என்று எழுதி ஒரு கடிதம் போட்டேன். 26 நாள் கழித்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். அதுவும் ஆபிஸ் வழியாகத்தான் போயிருக்கிறது. ஆனால் கொண்டுவந்த கணக்குப்பிள்ளை, 7ஆம் நம்பர் எது என்று கேட்டு வந்து கொடுத்தாராம். படத்தில் கவரைப் பிடித்திருந்தது அம்மாச்சியின் கை. அடுத்த மாதம் கூடலூர் போகிறேன், அக்காவின் பேரும் பழைய கடிதத்தில் இருந்த தோட்டத்தின் பேரும் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.