வில்லுப்பாட்டு கேசட் கீச்சிட்டு நின்றுவிடுகிறது, அவசரமாக உதவி வேண்டும்

பனைவிளை:
வணக்கம். எங்கள் பாட்டா வில்லுப்பாட்டு அண்ணாவி, குழுவின் தலைமைப் பாடகர். அவர் பாடியது, மற்ற குழுக்கள் பாடி அவர் பதிந்து வைத்தது என்று டிரங்குப் பெட்டி நிறைய கேசட் இருக்கிறது. போட்டால் கொஞ்ச நேரம் ஓடுகிறது, அப்புறம் கீச்சென்று சத்தம், பாட்டு இழுத்து இழுத்து வந்து நின்றுவிடுகிறது. ஒன்றில் நாடா உள்ளே சுற்றிக்கொண்டது. எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும். பழைய வீட்டை இடிக்கப் போகிறோம், அதற்குள் முடிக்கணும். என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ரீல்ராசா:
கீச்சிடுகிறது என்றால் நாடாவில் பூசிய பசை ஈரம் குடித்து இளகிவிட்டது. அவன் என்கிற மின் அடுப்பில் வைத்துச் சூடேற்றினால் சரியாகும். 50 முதல் 54 டிகிரி, எட்டு மணி நேரம். பெரிய ஸ்டூடியோக்கள் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள்.

கொங்குவானொலி:
எந்தப் பிளேயர்? வேறு கேசட் அதில் ஒழுங்காக ஓடுகிறதா? கேசட் 60 நிமிடமா, 90ஆ, 120ஆ? எந்த ஆண்டு பதிந்தது? எங்கே வைத்திருந்தீர்கள்? இது எதுவுமே சொல்லவில்லையே.

குமரிக்கரை:
தம்பி, எந்த ஊர்? என்னென்ன கதை இருக்கிறது? பழைய அண்ணாவிமார் விடிய விடியப் பாடிய முத்துப்பட்டன் கதை இப்போது இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அந்தப் பெட்டியைக் குப்பையில் போட விட்டுவிடாதே.

ஒலிப்பேழை:
இந்தப் பகுதியின் முதல் இழையே "கேள்வி கேட்கும் முன் தர வேண்டிய விவரங்கள்" என்பதுதான். யாரும் படிப்பதில்லை. கொங்குவானொலி கேட்டதற்கெல்லாம் பதில் வரும் வரை பெட்டியைத் தொட வேண்டாம். அவனில் எதையும் வைக்கவே வேண்டாம். ரீல்ராசா ஒவ்வொரு இழையிலும் இதையேதான் சொல்கிறார்.

ரீல்ராசா:
சொல்வது உண்மை என்பதால் சொல்கிறேன். ஆம்பெக்ஸ் 456 நாடாவுக்கு உலகம் முழுவதும் இதுதான் வைத்தியம்.

ஒலிப்பேழை:
ஆம்பெக்ஸ் 456 ஸ்டூடியோவில் ஓடிய ஸ்பூல், அதாவது பெரிய வட்டில் சுற்றிய நாடா. இவர் வைத்திருப்பது கேசட். கேசட்டில் அந்த நோய் அரிது. கேசட் கீச்சிட்டால் முதலில் பார்க்க வேண்டியது பிளேயர். அடுத்தது நாடாவை ஹெட்டோடு, அதாவது ஒலியைப் படிக்கும் முனையோடு, அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு. அது பசை விட்டு விழுந்திருக்கும். அதற்கு அடுத்ததுதான் நாடா.

பனைவிளை:
மன்னிக்கவும், வேலை முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன், ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது. பல வருடமாகப் பரணில் கிடந்தது. கேசட் பெரும்பாலும் 90, சில 60. எண்பதுகளில் கோயில் கொடைத் திருவிழாக்களில் பதிந்தவை. ஊர் தோவாளைப் பக்கம். சில கேசட்டில் நாடாவின் ஓரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பெரிய வட்ட நாடாவும் மூன்று இருக்கிறது, சொல்ல விட்டுப்போயிற்று. அதில் புளித்த காடி வாடை. வெயிலில் காய வைக்கலாமா?

கொங்குவானொலி:
வெயிலில் வைக்காதீர்கள். நாடாவும் கேசட்டின் கூடும் சூட்டில் நெளிந்துபோகும்.

பரணில் கிடந்த டூ-இன்-ஒன் என்றால் அதன் ரப்பர் பெல்ட் இந்நேரம் தார் மாதிரி உருகியிருக்கும், ரப்பர் உருளை கல்லாகியிருக்கும். நாடாவை விழுங்கியது அதனால்தான். புதிதாக ஒரு கேசட், பாட்டாவுடையது அல்லாத ஏதோ ஒன்று, அதில் போட்டுப் பாருங்கள். அதுவும் இழுத்தால் குற்றம் பிளேயர்மேல். அதுவரை பாட்டா கேசட் ஒன்றையும் அதில் போடாதீர்கள்.

ஒலிப்பேழை:
இப்போது விவரம் வந்துவிட்டது, வரிசையாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் இரண்டு ஓரத்தில் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். இரண்டையும் உடைத்துவிடுங்கள். ரெக்கார்ட் பொத்தானைக் கை தவறி அழுத்தினாலும் அழியாது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

வெள்ளையாகப் பூத்திருப்பது பூசணம். அந்தக் கேசட்டுகளை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனிப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். என்95 முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள், நுரையீரலுக்குக் கேடு. அதைப் போட்ட பிளேயரில் நல்ல கேசட்டைப் போட்டால் பூசணம் இதற்கும் தொற்றும். நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால், திறந்த வெளியில் தட்டிவிடலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் பிளேயரின் ஹெட்டைத் துடைக்க மட்டும். நாடாமேல் படக் கூடாது.

காடி வாடை அடிக்கும் ஸ்பூல் அசிடேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் நாடா. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுருள் ஒளியை உள்ளே விட்டால் அசிடேட், கறுப்பாக மறைத்தால் பாலியெஸ்டர். அசிடேட்டைச் சூடேற்றினால் போயே போயிற்று. ரீல்ராசாவின் அவன் இந்த மூன்று வட்டத்தையும் கொன்றிருக்கும். அவற்றைக் கேசட்டிலிருந்து தள்ளி வையுங்கள், அந்த ஆவி மற்றதையும் அரிக்கும். வீட்டில் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

ரீல்ராசா:
ஸ்பூல் இருப்பதாக அவர் சொல்லவே இல்லை, நான் எப்படித் தெரிந்துகொள்வது? அசிடேட்டைச் சூடேற்றக் கூடாது என்பது எனக்கும் தெரியும்.

தாமிரபரணி_ஒலி:
பிளேயரைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். நான் பதிவைப் பற்றிச் சொல்கிறேன். நானும் கொடைப் பதிவுகளைக் கணினியில் ஏற்றியிருக்கிறேன்.

நல்ல டெக் (தனிக் கேசட் பிளேயர்) ஒன்றைப் பிடித்து, வேவ் கோப்பாக, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஏற்றுங்கள். ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவு 2 ஜிபியைத் தாண்டும். இடம் இல்லையென்றால் 48 போதும், அதற்குக் கீழே வேண்டாம். எம்பி3 மட்டும் வைத்துக்கொண்டு கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஹெட் பக்கத்தில் அதன் சாய்வைத் திருத்தும் சின்னத் திருகு ஒன்று உண்டு. அண்ணாவி பதிந்த கருவியின் ஹெட்டும் உங்கள் டெக்கின் ஹெட்டும் ஒரே சாய்வில் இருக்காது. அதனால்தான் பழைய பதிவு கம்பளி போர்த்தியது போல மங்கிக் கேட்கும். வில்லில் கட்டிய மணிகளைக் காதில் வைத்துக்கொண்டு திருகை மிக மெல்லத் திருப்புங்கள். வில்லை அடிக்கும் வீசுகோல் நாணில் விழும்போது மணி ஒவ்வொன்றும் பிரிந்து கேட்கும் இடம் வரும். அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்ய வேண்டும்.

இன்னொன்று. கொடையில் பேட்டரி போட்டுத்தான் பதிந்திருப்பார்கள். இரவு ஏற ஏறப் பேட்டரி இறங்கும், நாடா மெதுவாக ஓடும். இப்போது சரியான வேகத்தில் போட்டால், தொடக்கத்தில் காப்புப் பாடும்போது இயல்பாக இருக்கும் குரல் முடிவில் வாழி பாடும்போது சிறுபிள்ளை குரலாகிவிடும். பாட்டா சுருதி ஏற்றிப் பாடினார் என்று நினைத்துவிடாதீர்கள்.

இதைத் திருத்த நல்ல வழி ஒன்று இருக்கிறது. மைக் செட் கரண்டில் ஓடியிருந்தால் அதன் இரைச்சலும் பதிவில் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இரைச்சல் 50இலோ 100இலோ நிற்கும். பதிவில் அது 56 என்று காட்டினால் வேகத்தை அந்த அளவுக்குக் குறைக்கலாம். ஜெனரேட்டரில் ஓடிய கொடை என்றால் இதை நம்ப முடியாது. எப்படியானாலும் இரைச்சலை முதலிலேயே நீக்கிவிட்டால் அளவுகோல் போய்விடும்.

மின்னிசை:
இப்போது ஏஐ மென்பொருள் ஒரே சொடுக்கில் இரைச்சலை எடுத்துவிடும். பழைய பாட்டு புதுப் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. இவ்வளவு சிரமம் தேவையா?

தாமிரபரணி_ஒலி:
தேவை. அந்த மென்பொருளுக்கு வில்லுமணியும் இரைச்சல், ஜால்ராவும் இரைச்சல். போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மணி சலங்கைச் சத்தம் போய்த் தண்ணீர் கொப்பளிப்பது மாதிரி வருகிறது. குடத்தின் அடிக்குரலை மின் இரைச்சலோடு சேர்த்து விழுங்கிவிடுகிறது. குடமும் மணியும் இல்லாத வில்லுப்பாட்டு என்ன வில்லுப்பாட்டு? மூலக் கோப்பில் கை வைக்கக் கூடாது. கேட்பதற்கு வேண்டுமானால் தனிப் பிரதி எடுத்துச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

குமரிக்கரை:
இதையெல்லாம் செய்தபிறகு யூடியூபில் ஏற்றிவிடாதே தம்பி, முதலில் யோசி. நடுச்சாமத்தில் சாமி வரத்துக்கு, அதாவது சாமி ஆள்மேல் இறங்குவதற்கு, பாடுவதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கொடை இல்லாத நாளில் பாடவே விடமாட்டார்கள். அதைப் பஸ்ஸில் போகிறவன் எல்லாம் போனில் கேட்பதா?

மின்னிசை:
கோயில் கூம்பு ஒலிபெருக்கியில் நாலு ஊருக்குக் கேட்கும்படி பாடியதுதானே ஐயா? அன்று கேட்கலாம், இன்று கேட்கக் கூடாதா? ஏற்றவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாளில் எவருக்கும் தெரியாமல் போய்விடும்.

குமரிக்கரை:
அன்று கேட்டவன் அந்தக் கோயிலுக்கு வரி கொடுத்தவன், குளித்துவிட்டு வந்து நின்றவன். இசக்கியம்மனுக்குப் பாடுவது யார், எப்போது, எதற்கு என்பதும் பாட்டில் சேர்ந்ததுதான். முழுவதும் மூடி வை என்று நான் சொல்லவில்லை. கதைப்பகுதியைத் தாராளமாகக் கொடு. வரத்துப் பகுதியைக் கோயில்காரர்களைக் கேட்டுவிட்டுச் செய்.

மின்னிசை:
கேட்டால் ஒருவர் ஆம் என்பார், ஒருவர் இல்லை என்பார். அப்புறம் ஒன்றும் வெளியே வராது.

கொங்குவானொலி:
சட்டமும் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 38ஆம் பிரிவின்படி நிகழ்த்துகிறவருக்கு 50 ஆண்டு உரிமை உண்டு. அண்ணாவிக்கு மட்டும் என்றில்லை, குடம் அடித்தவர், உடுக்கை அடித்தவர், இடப்புறம் இருந்து பின்பாட்டுப் பாடியவர் எல்லாரும் நிகழ்த்துகிறவர்கள்தான். வேறு குழுக்கள் பாடியதும் பெட்டியில் இருக்கிறது என்கிறார். அந்தக் குடும்பங்களையும் கேட்க வேண்டும்.

ஒலிப்பேழை:
இழை திசை மாறிவிட்டது. அவர் கேட்டது கேசட் ஏன் ஓடவில்லை என்று. வெளியிடுவதைப் பற்றித் தனி இழை திறந்து பேசுங்கள்.

ஸ்பூலுக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். குருகிராமில் அமெரிக்க இந்தியவியல் கழகத்தின் இன இசையியல் ஆவணக் காப்பகம் இருக்கிறது, 1982இல் தொடங்கியது. தனியார் சேகரிப்புகளை வாங்கிப் பாதுகாக்கிறார்கள். யார் கேட்கலாம், யார் பிரதி எடுக்கலாம் என்ற நிபந்தனையைக் கொடுப்பவரோடு பேசி எழுதிக்கொள்வார்கள். குமரிக்கரையின் கவலைக்கும் அதில் இடம் உண்டு. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் துறையில் முதலில் விசாரியுங்கள்.

மாதவி_செவி:
எல்லாரும் நாடாவைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, கேசட் அட்டையில் பாட்டா ஏதாவது எழுதியிருக்கிறாரா? துடைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்துவிடுங்கள். பெட்டியில் இருக்கும் வரிசையைக் கலைக்காதீர்கள், ஒரு கொடையின் கேசட்டுகள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். பாட்டு நோட்டோ ஏடோ இருந்தால் அதுவும் சேகரிப்பில் சேர்ந்தது, வீடு இடிக்கும் குழப்பத்தில் பழைய பேப்பரோடு போய்விடும்.

எந்த ஊர், எந்தக் கோயில், எந்த வருடம், குடத்தில் யார் என்று சொல்லக்கூடிய ஆள் உயிரோடு இருந்தால் அவரிடம் இந்த வாரமே போங்கள். பெல்ட்டை அடுத்த மாதமும் மாற்றலாம்.

ரீல்ராசா:
மாதவி அக்கா சொல்வது சரி. என்னிடம் ஒரு பெட்டி கேசட் இருக்கிறது, யார் பாடியது என்று இன்று வரை எவராலும் சொல்ல முடியவில்லை.

பனைவிளை:
எல்லாருக்கும் நன்றி. புதுக் கேசட்டும் இழுத்தது, பெல்ட்தான். நாகர்கோவிலில் ஒருவர் மாற்றிக் கொடுத்தார், ஹெட்டையும் துடைத்தார். பூசணம் இல்லாதவை இப்போது ஓடுகின்றன. இரண்டில் பஞ்சு விழுந்திருந்தது, திருகு உள்ள கூடு என்பதால் கழற்றி வேறு கூட்டுக்கு மாற்றிவிட்டோம். நாக்கு எல்லாம் உடைத்தாயிற்று. வாழி பாடும் இடத்தில் குரல் மேலே போவது உண்மைதான்.

குடம் அடித்த மாமா தாழக்குடியில் இருக்கிறார். நாலு கேசட் கேட்டார். எந்த ஊர்க் கொடை என்று மூன்றுக்குச் சொல்லிவிட்டார், ஒன்றில் குடம் தன் கை இல்லை என்கிறார். ஸ்பூல் மூன்றும் வெளிச்சத்தை விடுகிறது, தனியே எடுத்து வைத்துவிட்டேன். மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

ஒலிப்பேழை:
எந்த டெக்கில், எந்த அமைப்பில் ஏற்றுகிறீர்கள் என்று எழுதவில்லை. டூ-இன்-ஒன்னின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுத்தால் அது தற்காலிகப் பிரதிதான். நல்ல டெக் கிடைத்ததும் மறுபடி ஏற்றுங்கள், கேசட்டை வீசிவிடாதீர்கள். கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் கொடுத்து வையுங்கள்.

மாதவி_செவி:
மாமா கேட்கும்போது பக்கத்தில் போனை வைத்து அவர் பேசுவதையும் பதியுங்கள் தம்பி.

குமரிக்கரை:
தம்பி, அதில் தோட்டுக்காரியம்மன் கதை முழுதாக இருந்தால் எனக்குத் தனியாக ஒரு செய்தி போடு. எங்கள் ஊரில் இப்போது வில் பிடிக்கும் பிள்ளைகளுக்குப் பாதிக்கு மேல் பாடம் இல்லை. பாட்டா பாடியதைக் கேட்டுப் படித்தால் வருகிற கொடைக்கே பாடிவிடுவார்கள்.