பிரெஸ்டின் மரத்தில் டால்பின் வௌவாலோடு போய் ஒட்டிக்கொள்கிறது

மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். உள்காதில் கேட்கும் திறனுக்கு உதவும் பிரெஸ்டின் புரதத்தின் அமினோ அமில வரிசையை வைத்துப் பரிணாம மரம் வரைந்தால், டால்பின் பசுவை விட்டுவிட்டு, எதிரொலியால் வழியறியும் வௌவால்களுடன் சேர்ந்துகொள்கிறது. பழந்தின்னி வௌவால் மட்டும் தனியே நிற்கிறது. நான் எடுத்த விலங்குகளில் டால்பினுக்குப் பசுதான் நெருங்கிய உறவு. சைட்டோகுரோம் பி என்ற வேறொரு மரபணுவில் மரம் சரியாகவே வந்தது.

மரம் வரையும் மென்பொருள் மெகா 11. வரிசைகளை மறுபடி அடுக்கினேன். வெளிக்குழுவாக (ஒப்பிட வைக்கும் தூரத்து உறவாக) எலியை எடுத்துவிட்டு ஓபோசம் என்ற பைப்பாலூட்டியை வைத்தேன். அப்புறம் நெய்பர் ஜாய்னிங், மாக்சிமம் லைக்லிஹூட் என்ற மரம் வரையும் முறைகள் இரண்டும் போட்டாச்சு. அதே கதைதான். பெயர் மாறிய கோப்போ என்றுகூடச் சந்தேகப்பட்டேன், இல்லை.

குவி பரிணாமம் (நெருங்கிய உறவில்லாத உயிரினங்களில் ஒரே மாதிரி மாற்றம் தனித்தனியே வருவது) என்றே நினைக்கிறேன். அதைக் காட்ட, அமினோ அமிலத்தை மாற்றாத டிஎன்ஏ மாற்றங்களை மட்டும் வைத்து மரத்தை மீண்டும் வரைந்தால் போதுமா?