தாத்தா வீட்டு சொந்தங்கள் குரூப்ல செந்திலோட ஜீப்பு

வியாழன்

ரேவதி அக்கா: இனிய காலை வணக்கம் 🌺🙏

செந்தில் ஷார்ஜா: பெரியப்பா இருக்கீங்களா, ஒரு டவுட்டுங்க

செந்தில் ஷார்ஜா: நம்ம ராங்ளர் இருக்குதுல்ல, 2013 ஜேகே மாடல், அதுக்கு போன மாசம் பாடிய 3 இன்ச் தூக்கற லிஃப்ட் கிட் போட்டு 35 இன்ச் டயரும் மாத்துனேன். அதுல இருந்து வண்டி ரோட்டுல நேரா நிக்க மாட்டேங்குது, அலையுது, திருப்பி விட்டா ஸ்டியரிங் தானா திரும்பி வரமாட்டேங்குது, 80 தாண்டி பாலத்து ஜாயிண்ட்ல ஏறுனா முன்னாடி மொத்தமும் கடகடன்னு உதறுது, பிரேக் புடிச்சு 40க்கு வந்தாதான் அடங்குது

அம்மா: ஐயோ சாமி அந்த வண்டிய ஓட்டாத

கார்த்தி கோவை: அண்ணா அதுக்கு பேரே டெத் வாபுள் 😬

அம்மா: என்ன பேரு அது காலங்காத்தால

பெரியப்பா நாமக்கல்: கண்ணு, அலையறது வேற உதறது வேற. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாத. முன்னாடி என்ன மாதிரி ஆக்ஸில், லாரி மாதிரி முழு பீமா

செந்தில் ஷார்ஜா: ஆமாங்க பெரியப்பா, முழு ஆக்ஸில்தான், பட்டை ஸ்பிரிங்குக்குப் பதிலா காயில் ஸ்பிரிங். ஆக்ஸில புடிச்சுக்க மேல ரெண்டு ஆர்ம் கீழ ரெண்டு ஆர்ம், குறுக்கால ஒரு ட்ராக் பார்

பெரியப்பா நாமக்கல்: அப்ப விசயம் இதுதான். பாடிய தூக்குனா அந்த ஆர்மெல்லாம் கீழ்நோக்கி சாயும், சாஞ்சா ஆக்ஸில் லேசா உருண்டுக்கும், காஸ்டர், அதான் டயர் திரும்பற அச்சோட பின்சாய்வு, குறைஞ்சு போயிரும். சைக்கிள்ல ஃபோர்க் சாஞ்சு இருக்கறதாலதான் கைய விட்டும் ஓட்டறோம், ஃபோர்க்க நட்டமா நிறுத்திப் பாரு ஒரு மைல் போகமுடியாது. டாட்டா 1210 லாரில எல்லாம் நாங்க ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவுல ஆப்பு மாதிரி சாய்வா ஒரு தகடு வெச்சு யூ போல்ட்ட முறுக்குவோம், அவ்ளோதான். உனக்கு அந்த ஆப்பு வேலைய ஆர்மோட நீளம் பண்ணும்

செந்தில் ஷார்ஜா: அலைன்மெண்ட்ல காஸ்டர் லெஃப்ட் 2.1 டிகிரி ரைட் 1.9 னு வந்துச்சுங்க. கம்பெனி அளவு 4.2 கிட்டக்க. அதான் நீளம் கூட்டிக் குறைக்கற மாதிரி கீழ் ஆர்ம் ரெண்டு வாங்கி வெச்சிருக்கேன்

கவிதா: வாங்கி வெச்சிருக்கியா?? எப்ப??

செந்தில் ஷார்ஜா: 🙂

கார்த்தி கோவை: அண்ணா கேம் போல்ட் போட்டா, அதான் சுத்துனா ஆர்ம் முனைய லேசா நகத்தற போல்ட், சீப்பா முடியுமே

செந்தில் ஷார்ஜா: முடியும்டா, ஆனா பதாயர் மணல்ல நான் விழற விழுக்கு அது நகர்ந்துரும், எனக்கு நம்பிக்கை இல்ல

பெரியப்பா நாமக்கல்: அலையறதுக்கு காஸ்டர் பாத்துக்கலாம். உதறுதுன்னா எங்கயோ ஆட்டம் இருக்குது. வண்டி தரையில நிக்கட்டும், தூக்காத. கவிதாவ உக்கார வெச்சு ஸ்டியரிங்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டச் சொல்லு, நீ கீழ படுத்து ட்ராக் பார் ரெண்டு முனையும் கைய வெச்சுப் பாரு. அதுல ஆட்டம் இருந்தா ஆர்ம் மாத்தி ஒரு பிரயோசனமும் இல்ல

கவிதா: நான் வரமாட்டேன் மாமா, போன தடவை 2 மணி நேரம் உக்கார வெச்சாரு

வெள்ளி

செந்தில் ஷார்ஜா: பெரியப்பா சொன்ன மாதிரியே!! ஆக்ஸில் பக்கத்து ட்ராக் பார் போல்ட் டக்கு டக்குனு அசையுதுங்க. லிஃப்ட் போட்ட ஒர்க்‌ஷாப்புல முறுக்காமயே விட்டுருக்கான்

பெரியப்பா நாமக்கல்: ஓட்டை நீண்டு போயிருக்குதா

செந்தில் ஷார்ஜா: இல்லைங்க, ரவுண்டாதான் இருக்கு

பெரியப்பா நாமக்கல்: தப்பிச்ச. அந்த ஒர்க்‌ஷாப்புல போல்ட்டெல்லாம் எங்க வெச்சு முறுக்குனாங்க, லிஃப்டுல தொங்க விட்டா, தரையிலயா

செந்தில் ஷார்ஜா: தொங்கிட்டு இருக்கறப்பதாங்க

பெரியப்பா நாமக்கல்: அதான் தப்பு. ஆர்ம் முனையில இருக்கற ரப்பர் புஷ் உள்குழாயோட ஒட்டியிருக்கும், போல்ட்ட முறுக்குனா குழாய் பிராக்கெட்டோட கவ்விக்கும். ஆக்ஸில் தொங்கறப்ப கவ்வுனா, கீழ எறக்குன உடனே ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், துணி பிழிஞ்ச மாதிரி, சீக்கிரமே கிழியும். கடைசி முறுக்கு வண்டி தன் கால்ல நிக்கறப்பதான்

ரேவதி அக்கா: பெரியப்பா ரிட்டயர்டு ஆனது யாருக்கும் தெரியாது போல 😂

பெரியப்பா நாமக்கல்: சும்மா இரு ரேவதி. கண்ணு, பழைய ஆர்மக் கழட்டி, புது ஆர்ம் ரெண்டையும் அதோட சேத்து வெச்சு, ரெண்டு முனையிலயும் ஒரே போல்ட்ட மூணுக்கும் சேத்து விடு. மூணுலயும் போச்சுன்னா நீளம் சமம். டேப்ப வெச்சு அளக்காத, டேப்பு பொய் சொல்லும். அப்பறந்தான் நீளத்தக் கூட்டோணும்

செந்தில் ஷார்ஜா: எவ்ளோ கூட்டறதுங்க

பெரியப்பா நாமக்கல்: ஆக்ஸில்ல மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் எத்தன மில்லி

செந்தில் ஷார்ஜா: ஏறக்குறைய 200

கார்த்தி கோவை: அப்ப 1 டிகிரிக்கு 3.5 மில்லி வருது பெரியப்பா. அண்ணா திரெட் என்ன?

செந்தில் ஷார்ஜா: ஒண்ணேகால் இன்ச், இன்ச்சுக்கு 12 திரெட்டு

கார்த்தி கோவை: ஒரு சுத்துக்கு 2.1 மில்லி. 4 சுத்து வெளிய எடுத்தா எட்டரை, 2.4 டிகிரி கூடும், உன்னோட 2 நாலரை கிட்ட வந்துரும்

பெரியப்பா நாமக்கல்: நாலு போதும், பேராசைப்பட்டு ஆறு ஏழுன்னு போகாத. காஸ்டர் கூடக் கூட டிஃபரன்ஷியல் மூக்கு கீழ பாக்கும், முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயிண்டு கோணம் கெட்டுப்போயிரும்

செந்தில் ஷார்ஜா: ஆமாங்க, இந்த வண்டில முன் ஷாஃப்ட் எப்பவும் சுத்திட்டேதான் இருக்கும், ரப்பர் பூட்டு வேற, லிஃப்டுக்கு அப்பறம் அதுதான் முதல்ல கிழியும்னு எல்லாரும் பயமுறுத்தறாங்க

பெரியப்பா நாமக்கல்: திரெட்டு தடிமன் எவ்வளவோ அந்த அளவாவது உள்ள இருக்கணும், பாத்துக்க. ஒரு பக்கம் முடிச்சுட்டுத்தான் அடுத்த பக்கம் கழட்டணும், ரெண்டையும் ஒண்ணாக் கழட்டுனா ஆக்ஸில் உருளும். பின் டயருக்கு கட்டை வையி

சனி

அம்மா: சாப்பிட்டியா

செந்தில் ஷார்ஜா: வண்டிக்கு அடியில இருக்கேம்மா

அம்மா: அப்ப சாப்படல

செந்தில் ஷார்ஜா: 📷 ஃபோட்டோ

செந்தில் ஷார்ஜா: காலைல 5 மணிக்கே ஆரம்பிச்சேன், 9 மணிக்கு மேல இங்க கான்கிரீட்ல படுக்க முடியாது. லெஃப்ட் ஈசியா முடிஞ்சுது. ரைட்ல எட்டரை மில்லி நீளமானதால ஆக்ஸில் பக்கத்து ஓட்டை நேரா வரல, டோ ஹூக்குல ராட்செட் பெல்ட்டப் போட்டு ஆக்ஸில முன்னால இழுத்தேன், சொர்ர்ருனு வந்து போல்ட்டு தானா உள்ள போயிருச்சு

பெரியப்பா நாமக்கல்: மேல் ஆர்ம் போல்ட்டையும் லூஸ் பண்ணி விட்டியா

செந்தில் ஷார்ஜா: பண்ணேங்க, டப்புனு ஒரு சத்தம், பயந்தே போயிட்டேன்

பெரியப்பா நாமக்கல்: அதுதான் ரப்பர் மூச்சு விட்ட சத்தம். தரையிலயே வெச்சு டார்க் ரெஞ்சு போட்டு முறுக்கு, மேனுவல்ல இருக்கற அளவுக்கு. ட்ராக் பாரையும் விட்டுராத. ஆர்ம் நீளம் மாறாம பூட்டற ஜாம் நட்டுல பெயிண்ட் பேனாவுல ஒரு கோடு போட்டு வையி, நகர்ந்தா கண்ணுக்குத் தெரியணும்

ஞாயிறு

செந்தில் ஷார்ஜா: அலைன்மெண்ட் ரிப்போர்ட்டுங்க. லெஃப்ட் 4.5 ரைட் 4.3. மலீஹா ரோட்டுல 110 போனேன், கைய லேசா வெச்சாலே நேராப் போகுது. உதறல் சுத்தமா இல்ல

அம்மா: 110 ஆ??

கார்த்தி கோவை: அண்ணா ரைட்ட இன்னும் அரை சுத்து எடுத்தா ரெண்டும் சமமாயிருமே

பெரியப்பா நாமக்கல்: தொடாத. முழு ஆக்ஸில்ல அந்த 0.2 முனை வெல்டிங்லயே இருக்கறது, ஆர்ம இழுத்து சரி பண்ணப் பாத்தா புஷ்தான் நசுங்கும், அளவு மாறாது. நாலு டயரும் ஒரே பிரஷரா இருந்தா அந்த 0.2 உனக்குத் தெரியவே தெரியாது

செந்தில் ஷார்ஜா: ஸ்டியரிங் வீல் மட்டும் கொஞ்சம் கோணலா நிக்குதுங்க, வண்டி சறுக்காம பாத்துக்கற இஎஸ்பி லைட்டும் ஒரு தடவை வந்துச்சு

பெரியப்பா நாமக்கல்: அந்த லைட்டு எனக்குத் தெரியாது, எங்க லாரில எல்லாம் லைட்டே எரியாது 😄

கார்த்தி கோவை: வீல் கோணலா இருந்தா வண்டி திரும்புதுன்னு அது நெனச்சுக்கும் அண்ணா. ட்ராக் லிங்க் ஸ்லீவ சுத்தி வீல நேராக்கு, போயிரும்

செந்தில் ஷார்ஜா: ட்ராக் லிங்க் இல்லடா, ஆக்ஸில குறுக்கால புடிக்கற ட்ராக் பார் வேற, ஸ்டியரிங் பாக்ஸ்ல இருந்து டயர் பக்கம் போற ட்ரேக் லிங்க் வேற 😂

கார்த்தி கோவை: அதேதான் ஆட்டோகரெக்ட்டு

கவிதா: அந்த ஆர்ம் எவ்ளோன்னு யாராச்சும் கேளுங்க

பெரியப்பா நாமக்கல்: எனக்கும் தெரியணும்

செந்தில் ஷார்ஜா: தனியா சொல்றேன் பெரியப்பா

கவிதா: ம்ம்

அடுத்த சனி

செந்தில் ஷார்ஜா: நேத்து ஃபுல்லா பதாயர்ல டயர் காத்து 14 பிஎஸ்ஐ வெச்சு ஓட்டிட்டு இப்ப அடியில பாத்தேங்க. மத்த கோடெல்லாம் நேரா இருக்கு, ஒரு ஜாம் நட்டுல மட்டும் கால் சுத்து நகர்ந்துருக்கு

பெரியப்பா நாமக்கல்: எந்தப் பக்கம்

செந்தில் ஷார்ஜா: ரைட்டு

பெரியப்பா நாமக்கல்: நீ ஒத்தையில முறுக்குன பக்கம்

செந்தில் ஷார்ஜா: ஆமாங்க, ஒரு கையில ஆர்மப் புடிச்சுகிட்டு இன்னொரு கையில ஸ்பேனர்

பெரியப்பா நாமக்கல்: கவிதாவக் கூப்புடு, ஒரு ஸ்பேனர அவ புடிக்கட்டும்

கவிதா: விலையச் சொன்னா வர்றேன்